நூற்றியோராவது பயணமும் புதுசுதான்!

பெயர், பாஸ்போர்ட், பவர் பேங்க், பொடி, பார்சல்... அடிக்கடி பறப்பவர்கள் சறுக்குவது எங்கே?

2025 செப்டம்பர். ஓணம் நிகழ்ச்சிக்காக ஆஸ்திரேலியா கிளம்பிய நடிகை நவ்யா நாயருக்கு அவருடைய அப்பா மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தார். கொச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு துண்டு, அங்கிருந்து மெல்பர்ன் வரை இன்னொரு துண்டு என்று அப்பாவே இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததாக, பிறகு விழா மேடையில் அவரே சொன்னார். முதல் துண்டு வழியிலேயே வாடிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. இரண்டாவது துண்டு மெல்பர்ன் விமான நிலையத்தில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. பதினைந்து சென்டிமீட்டர் பூ. அபராதம் 1,980 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். 28 நாட்களுக்குள் கட்டச் சொன்னார்கள்.

செய்தி வந்ததும் பலருடைய கேள்வி, 'ஒரு முழம் பூவுக்கா இவ்வளவு?' என்பதுதான். ஆனால், அபராதம் பூவுக்கு மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் இறங்குமுன் கையில் தரும் படிவத்தில், 'பழம், பூ, விதை, உணவு ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா?' என்று கேட்பார்கள். 'ஆம்' என்று டிக் அடித்துக் காட்டியிருந்தால், பூவை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். ஒரு பைசா செலவில்லை. பூவில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சியால் தங்கள் நாட்டு விவசாயம் பாழாகிவிடக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. அதற்காகத்தான் இத்தனை கெடுபிடி.

நவ்யா நாயர் வெளிநாட்டு மேடைகளுக்குப் புதியவர் அல்ல. இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியதும் அதுதான். முதல்முறை விமானம் ஏறுகிறவர் பத்துப் பேரிடம் கேட்டு, இருபது ஜெராக்ஸ் எடுத்து, நாலு மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கம் வந்துவிடுவார். மாட்டிக்கொள்வது பெரும்பாலும், 'எத்தனை தடவை போயிருக்கேன், எனக்குத் தெரியாததா?' என்கிறவர்தான். அவருக்குத் தெரிந்தது போன வருஷத்து விதி. இந்த வருஷம் அது மாறியிருக்கும்.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து நாடுகளே சாட்சி. தாய்லாந்துக்குப் போக 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அதேபோல ஆன்லைன் அட்டை உண்டு. மூன்றையும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் அரசு தளம் போலவே இருக்கும் போலித் தளங்கள் முதலில் வந்து நிற்கும், கட்டணம் கேட்கும், பாஸ்போர்ட் விவரம், கார்டு விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

இனிஷியலும் இமிக்ரேஷனும்

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலோடு வாழ்கிறோம். பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். எஸ்.முருகன் அங்கே போய் முருகன் சுப்ரமணியன் ஆகிறார். அவருடைய மகள் கவிதா முருகன். அப்பாவும் மகளும் ஒரே வரிசையில் நின்றாலும், வெளிநாட்டு அதிகாரியின் திரையில் இருவருக்கும் வேறு வேறு குடும்பப் பெயர். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால், 'இது உங்கள் குழந்தைதானா?' என்ற கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு. பிறப்புச் சான்றிதழின் நகலும், வராத பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் தனி அறைக்குள் உட்கார வைப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அடுத்த சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களின் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும்; முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்) என்று மூன்று எழுத்து விழும். அதன்பிறகு அந்த நாட்டில் எடுக்கும் ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை அந்த மூன்று எழுத்து பின்னாலேயே வரும்.

அடிக்கடி வெளிநாடு போகிறவர், அடுத்தமுறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது இரண்டு கட்டத்திலும் பெயர் இருக்கும்படி மாற்றிக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் கவனம். பழைய பெயரில் விசாவோ, ஒர்க் பர்மிட்டோ உயிரோடு இருந்தால், அது முடிகிறவரை பொறுத்திருங்கள். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்து டைப் செய்யுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் செக்-இன் கவுன்ட்டரில் நிற்க வேண்டியிருக்கும்.

-----
பெட்டிச் செய்தி: பாஸ்போர்ட்டை இப்போதே புரட்டுங்கள்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, அமீரகம் உள்ளிட்ட பல நாடுகளுக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம்.

அடிக்கடி பறப்பவர்கள் 36 பக்கத்துக்குப் பதிலாக 60 பக்க ஜம்போ பாஸ்போர்ட் கேளுங்கள். சாதாரண முறையில் கட்டணம் 1,500-க்குப் பதில் 2,000 ரூபாய். பக்கம் தீர்ந்தால் கூடுதல் தாள் சேர்க்க முடியாது; புது பாஸ்போர்ட்தான்.

பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். பிரிட்டனின் இ-விசா வைத்திருப்பவர்கள், புதிய பாஸ்போர்ட் எண்ணை அந்த நாட்டு விசா கணக்கில் சேர்த்தபிறகே விமானம் ஏறுங்கள்.
-----

முத்திரை இல்லாத எல்லை

ஐரோப்பாவுக்கு அலுவலக வேலையாகப் போய் வருகிறவர்கள் இனி ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். 29 ஷெங்கன் நாடுகளின் எல்லைகளில் 2025 அக்டோபர் 12-ம் தேதி புதிய கணினிப் பதிவு முறை தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவாகும். உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் இரண்டையும் கணினியே எண்ணும். முன்பு மங்கிய முத்திரையைப் பார்த்து அதிகாரி விட்டுவிட்ட ஒரு நாள், இரண்டு நாள் இனி தப்பாது.

விதி இதுதான்: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு புதுசாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை ஜெர்மனியில் இருந்தால் 60 நாள் முடிந்தது. வந்த நாளும் போன நாளும் இதில் சேர்த்தி. ஜூன் 1 அன்று பிரான்ஸ் போனால் ஜூன் 30 வரைதான் இருக்கலாம். நாடு வேறானாலும் கணக்கு ஒன்றே. மார்ச் 1-ம் தேதி இந்தக் கணக்கிலிருந்து கழிவது ஆகஸ்ட் 28-ல்தான். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது. டிக்கெட் போடும் முன் அதில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கென்று வந்த ஏற்பாட்டின்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியவர் இரண்டு ஆண்டு விசா பெறலாம். அதன்பிறகு ஐந்தாண்டு விசா. பாஸ்போர்ட்டில் போதிய காலம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே பழைய விசாக்களின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தவறவிடும் தேதி வேறு ஒன்று. விசாவில் உள்ள தேதி உள்ளே நுழைவதற்கான கெடு. எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது, இறங்கியதும் பதிவாகும் ஐ-94. பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப்போகிறதென்றால், எச்-1பி வேலை அனுமதி இரண்டு ஆண்டு மீதம் இருந்தாலும், ஐ-94-ல் பாஸ்போர்ட் முடியும் நாளையே போட்டுவிடுவது உண்டு. இதைக் கவனிக்காமல் அந்த நாளைத் தாண்டிவிட்டால், அவர் சட்டப்படி தங்கவில்லை என்றாகிவிடும். குடும்பத்தின் விசாவும் அதோடு ஆட்டம் காணும். ஒவ்வொரு முறை இறங்கிய அன்றும் ஐ-94 தளத்தைத் திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள்.

மலிவான இரண்டு டிக்கெட்

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட். சென்னையிலிருந்து லண்டனுக்கு வேறு டிக்கெட். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சம். எல்லாம் நேரத்துக்கு நடந்தால் சரி. முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் 'வராதவர்'. பணம் போச்சு. திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகலாம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுக்க இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, தனி டிக்கெட் எடுத்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேர்ந்தது. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால், உங்களை ஊர் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் கூடுதல் காசைத் தயங்காமல் கொடுங்கள் என்றே சொல்வேன். தனி டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்றால், முந்தின நாளே சென்னைக்கு வந்துவிடுங்கள்.

தனி டிக்கெட்டில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நடுவில் இறங்கும் நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். அமெரிக்கா வழியாக வேறு நாடு போகிறவர்களுக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் விசா தேவை. பிரிட்டன் வழியாக மாறிப் போகும் இந்தியர்களும், விலக்கு இல்லையென்றால், டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றிச்சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அதனால் சென்னை கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

விமானம் தாமதமானால் பணம் கிடைக்குமா? ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும், ஐரோப்பாவுக்குப் போகும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. நிறுவனத்தின் தவறால் சேரும் இடத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போனால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை தர வேண்டும். பிராங்க்ஃபர்ட் - சென்னை பயணத்துக்கும் இது பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட் என்பதற்காக உரிமை குறையாது. நம்மவர்கள் பலர் கேட்பதே இல்லை. உணவுக் கூப்பனோடு திருப்தியாகி வந்துவிடுகிறார்கள்.

-----
பெட்டிச் செய்தி: பெல்ட்டில் உங்கள் பெட்டி வரவில்லையா?

விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் விமான நிறுவன கவுன்ட்டரில் 'பி.ஐ.ஆர்.' எனப்படும் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். வீட்டுக்குப் போய் மெயில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும்.

1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். வழக்குப் போட இரண்டு ஆண்டு.

இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு); ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். அதனால் நகை, மருந்து, லேப்டாப், அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.
-----

பவர் பேங்க், பொடி, பார்சல்

2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. தலைக்கு மேலுள்ள லக்கேஜ் பெட்டியில் தீ தொடங்கியது. சந்தேகம் பவர் பேங்க் மீது விழுந்தது. அதன்பிறகு உலகெங்கும் விதிகள் இறுகின. பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலும், எமிரேட்ஸ் அக்டோபரிலும் தடை போட்டன. எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்றுதான்.

பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான். அளவு 100 வாட்-ஹவருக்குள். உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் எம்.ஏ.எச். எண்ணிக்கை இருக்கும். அதை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-ஹவர், பிரச்னை இல்லை. 30,000 என்றால் 111. முன் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறுகிறவர்கள், அந்நாட்டின் '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்கைக் கொண்டுபோக முடியாது.

இனி சமையலறைக்கு வருவோம். பேரனைப் பார்க்க அமெரிக்கா போகும் பாட்டிகளின் பெட்டியில் பாதி பொடி வகைதான். 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியை அமெரிக்கா செல்லும் விமானத்தில் கைப்பையில் வைத்தால் தனிச் சோதனைக்குப் போகும். பிறகு பறிபோகவும் கூடும். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் தடை. எந்த உணவுப் பொருளானாலும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். அமெரிக்க இமிக்ரேஷனை விரைவாகத் தாண்ட உதவும் 'குளோபல் என்ட்ரி' அட்டை வைத்திருக்கும் அடிக்கடிப் பயணிகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். சொல்லாத ஒரு மாம்பழத்துக்காக அந்த அட்டையே ரத்தாகலாம். நம் ஊரிலேயே தடுக்கப்படுவது கொப்பரைத் தேங்காய். அது எண்ணெய்ப் பசை உள்ளது, எளிதில் தீப்பற்றும். ஆகவே 2022 முதல் இந்திய விமான நிலையங்களில் அதைச் செக்-இன் பெட்டியில் அனுமதிப்பதில்லை.

கசகசா விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் சவுதியிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரு சின்னப் பொட்டலம்கூட வேண்டாம். மசாலாப் பாக்கெட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

மருந்துக்கும் இதே கதை. இங்கே மருந்துக் கடையில் வாங்கும் டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அந்நாட்டு அரசிடம் ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். ஜப்பான் போகிறவர்கள் சூடோஎஃபெட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதில் அந்த மருந்தின் சதவீதம் கூடினால் தடை. எந்த நாடானாலும் மருந்து அதன் அசல் அட்டையில் இருக்கட்டும். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப் பெயரோடு இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்தால் வேலை செய்யாது.

கடைசியாக, பார்சல். 'எங்க அண்ணன் அங்கே இருக்கான், இதை மட்டும் குடுத்துடுங்க' என்று விமான நிலைய வாசலில் நீட்டப்படும் பொட்டலம். சென்னையிலும் திருச்சியிலும் 'குருவி'களை நன்றாகத் தெரியும். அவர்கள் தெரிந்தே பணத்துக்காகச் சரக்கு சுமப்பவர்கள். நீங்கள் தெரியாமல் சுமக்கிறீர்கள். சட்டத்தின் முன் அந்த வித்தியாசத்தை நிரூபிப்பது உங்கள் பாடு. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. உங்கள் பையில் இருந்த பொருள் உங்களுடையது என்றே அந்நாட்டுச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். சொந்தக்காரர் தந்தாலும் பிரித்துப் பார்த்து, நீங்களே மறுபடி கட்டி எடுத்துப் போங்கள். பிரிக்க வேண்டாம் என்று சொன்னால், வாங்காதீர்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

பணமும் உடம்பும்

பணத்தில் இரண்டே விஷயம். வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்க்கும்போது 'ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்திலா?' என்று இயந்திரம் கேட்டால், எப்போதும் உள்ளூர்ப் பணம். ரூபாய் என்றால் அந்தக் கடையின் வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போட்டுக்கொள்ளும். இரண்டாவது, இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அது இல்லாமல் நோய் பரவியுள்ள நாட்டிலிருந்து திரும்பினால், நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதைத் தடுக்க அது உதவும்.

திரும்பி வரும்போது

நகை போட்டுக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும்போதே இந்தியச் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது, 'இது இங்கிருந்து கொண்டுபோன நகைதான்' என்று வாதாட வேண்டியிருக்காது. விலை உயர்ந்த கேமராவுக்கும் இதேதான். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களில் பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் தங்க நகையைச் சலுகையில் கொண்டுவரலாம். நகைதான், பிஸ்கட்டுக்கும் காசுக்கும் இது பொருந்தாது.

இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க மத்திய அரசின் 'ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் - டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்' வந்திருக்கிறது. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் சேரலாம். ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப்படமும் ஒருமுறை பதிவுசெய்தால், அதன்பிறகு தானியங்கிக் கதவு வழியாகப் போய்வரலாம். ஐந்து ஆண்டு அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முந்தியோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. அடுத்த டிக்கெட் எடுப்பதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள்.